இரு சில்லுகளும் ஓர் அச்சும்

மோட்டார் வாகனம் ஒன்றின் பின்னச்சு நடுவே புடைத்து நிற்கும் இரும்புக் கூட்டினைக் கண்டவர் பலர்; அதனுள்ளே நிகழ்வது யாது என வினவியவர் சிலரே. கலைப்பீடத்தில் தமிழ் பயிலும் ஒருவன் அவ்வினாவை எழுப்பி, அதன் பொருட்டு ஒரு கட்டுரையும் எழுதப் புகுவது இவ்வேட்டின் வாசகருக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். காரணம் உண்டு. ரொறன்ரோவில் வாழும் என் தாய்மாமன், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடைய அமெரிக்கக் கார் ஒன்றின் டிபரன்சலைக் கடந்த விடுமுறையிலே கழற்றிப் புதுப்பித்தார். அவ்வேலையைப் படிப்படியாகத் தமிழில் எழுதிவைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் காலை 10 மணி ஆகும்பொழுது எனக்கு இரவு 7.30. அவர் கைப்பேசியைக் கராஜின் மேசைமீது சாய்த்துவைத்துப் பேசுவார். நான் இங்கிருந்து எழுதுவேன். மூன்று வாரங்கள் இவ்வாறு கழிந்தன. அக்குறிப்பேட்டின் வழியாக நான் அறிந்தவற்றையும் அவை என்னுள் எழுப்பிய எண்ணங்களையும் இங்கே தொகுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்கண் டிபரன்சல் ஏன் தேவைப்படுகின்றது என்பதனை நோக்குவோம். வாகனம் ஒரு வளைவிலே திரும்பும்பொழுது உட்புறச் சில்லு குறுகிய வழியிலும் வெளிப்புறச் சில்லு நீண்ட வழியிலும் செல்கின்றன. இரு சில்லுகளுக்குமிடையே 1.5 மீற்றர் இடைவெளி இருப்பின், ஒரு முழு வட்டம் சுற்றி வருகையில் வெளிச்சில்லு ஏறத்தாழ 9.4 மீற்றர் அதிகமாக ஓட வேண்டும். வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை. இரு சில்லுகளையும் ஒரே இரும்புத் தண்டிலே இறுகப் பூட்டிவிட்டால் அவற்றுள் ஒன்று வீதியில் இழுபட்டே ஆகவேண்டும். ரயர் தேயும், அச்சு முறுகும், வண்டி திரும்ப மறுக்கும். பிரெஞ்சு நாட்டவரான ஒனெசிஃபோர் பெக்கர் என்பார் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென இதற்கு ஒரு தீர்வு கண்டார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்ரார்லி 1877 இல் அதே தத்துவத்தை முச்சக்கர மிதிவண்டியிற் பயன்படுத்தினார். இரு அச்சுத் தண்டுகளின் உள்முனைகளிலும் ஒவ்வொரு பற்சில்லு. அவ்விரண்டுக்குமிடையே குறுக்குத் தண்டொன்றிற் சுழலும் சிறு பற்சில்லுகள். இவை யாவற்றையும் ஏந்திச் சுழலும் ஒரு கூடு. நேர்வழியிலே கூடு முழுவதும் ஒன்றாகச் சுழலும். வளைவிலே சிறு பற்சில்லுகள் தம்மைத்தாமே சுற்றி, ஒரு பக்கம் இழந்த வேகத்தை மறுபக்கத்துக்கு வழங்கும். எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது.

ஆயினும் இவ்வேற்பாட்டின் உள்ளே ஒரு முரண் உறைந்துள்ளது. சாதாரண டிபரன்சல் எஞ்சினிலிருந்து வரும் முறுக்குவிசையை இரு சில்லுகளுக்கும் சமமாகவே பங்கிடும். இடச்சில்லு பனிக்கட்டியின்மீது நின்று எவ்வித எதிர்ப்புமின்றிச் சுழலுமாயின், அதனால் ஏற்கக்கூடிய விசை மிகச் சிறிது. சமபங்கு என்னும் விதிப்படி வலச்சில்லுக்கும் அதே சிறிய அளவுதான் கிடைக்கும். வலச்சில்லின் கீழ் நல்ல தரை இருந்தென்ன? ஒன்று வீணே சுழல, மற்றது அசையாது நிற்க, முன்னூறு குதிரைவலு கொண்ட வண்டியும் ஓரங்குலம் நகராது. வலுவுள்ளதற்கு அதன் வலுவுக்கேற்பக் கொடுக்காமல், வலுக்குன்றியது தாங்கும் அளவையே இருபுறமும் பொதுவாக்கிவிடும் சமத்துவம் இது.

மாமா இதனை எந்த நூலிலும் படித்தறிந்தவரல்லர். இளமையில் யாழ்ப்பாணத்திலே லொறி திருத்தும் பட்டறையொன்றில் வேலை பழகியவர். கார்த்திகை மாத மழையிலே வயற்கரையில் இறங்கிய நெல்மூட்டை லொறிகள் ஒரு சில்லு சேற்றிற் சுழல நின்றுவிடுவதையும், அதன்கீழ் பனையோலையும் தென்னம் மட்டையும் திணித்து மீட்பதையும் அங்கேயே கண்டவர். 1987 இல் கனடா சென்று அவர் கழித்த முதற் பனிக்காலத்திலே, மலிவாக வாங்கிய பழைய கார் வீட்டு வாசலிலே அதேபோல நின்றது. சேற்றுக்குப் பதிலாகப் பனிக்கட்டி. பனையோலைக்குப் பதிலாக அயல்வீட்டார் கொண்டுவந்து கொட்டிய மணல். "ஊரிலையும் ஒரு சில்லுத்தான் சுத்தினது தம்பி, இங்கையும் ஒரு சில்லுத்தான் சுத்தினது. அண்டைக்கே உதுக்கு ஒரு வழி பாக்கவேணும் எண்டு நினைச்சன்" என்றார். கைப்பிறேக்கை மெல்ல இழுத்துப் பிடித்தால், வீணே சுழலும் சில்லுக்கு ஒரு பொய்ச்சுமை ஏறி, மற்றச் சில்லுக்கும் அதற்கு ஈடான விசை சென்று வண்டி ஊர்ந்து வெளிவருவதுண்டு. பட்டறையில் பழகிய இந்தத் தந்திரத்தினுள் சமபங்கு விதியின் முழு இலக்கணமும் அடங்கியிருப்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

அவர் நினைத்த வழி பிறர் முன்னரே கண்ட வழிதான். 1930களிலே ஜேர்மனியில் பந்தயக் கார்களுக்கென வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்சல் ஆக்கப்பட்டது. அமெரிக்காவில் 1956 இல் பக்காட் நிறுவனம் அதனைப் பொதுமக்கள் வாங்கும் கார்களுக்கு வழங்கிற்று; மறு ஆண்டு செவ்றொலே 'பொசிராக்ஷன்' என்ற பெயரில் அதனைக் கொண்டுவந்தது. 1964 இல் பொன்ரியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள காரொன்றினுள் 389 கன அங்குலப் பெரிய எஞ்சினைப் பொருத்தி 'ஜீ.ரீ.ஓ.' எனப் பெயரிட்டு விற்றதோடு, 'மசிள் கார்' எனப் பின்னர் அழைக்கப்பட்ட வாகன வகையின் காலம் தொடங்கியது எனலாம். எஞ்சின் பெருத்தது, ரயர்களோ அக்காலத்து ஒடுங்கிய ரயர்கள். இத்தனை விசையையும் ஒரு சில்லின் வழியே புகையாக்கிவிடாது இரண்டாலும் தரையில் இறக்க வேண்டிய தேவை எழுந்தது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் பெயரில் அதனை விற்றது: கிறைஸ்லருக்கு 'ஷுவர்-கிறிப்', போட் நிறுவனத்துக்கு 'ற்ராக்ஷன்-லொக்', பொன்ரியாக்குக்கு 'சேவ்-ரி-ற்ராக்'. பெயர்கள் பல, நோக்கம் ஒன்று. காப்புறுதிக் கட்டணங்களின் ஏற்றமும், புகை வெளியேற்றம் குறித்த சட்டங்களும், 1973 இன் எண்ணெய் நெருக்கடியும் அவ்வாகனங்களின் காலத்தை முடித்துவைத்தன.

மாமாவின் கார் 1970 ஆம் ஆண்டுச் செவ்றொலே செவெல். பெயர்ப்பட்டியில் 396 என்றிருப்பினும் அவ்வாண்டு எஞ்சினின் உண்மைக் கொள்ளளவு 402 கன அங்குலம். நிறுவனம் குறித்த வலு 350 குதிரைவலு. பின்னச்சு, மூடியிலே பன்னிரண்டு ஆணிகள் கொண்டிருத்தலாற் 'பன்னிரண்டு ஆணி அச்சு' எனவே பெயர் பெற்றது. அதன் விகிதம் 3.31, அதாவது சில்லு ஒரு முறை சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் நீள்தண்டு 3.31 முறை சுற்றும். துருவேறிக் கிடந்த அக்காரை அவர் எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கினார். ஓய்வு நாட்களிலே சிறிது சிறிதாகத் திருத்தி ஓடவும் வைத்தார். ஆயினும் விசையை மிதித்தாற் கரிய தடம் வீதியில் ஒன்றே விழுந்தது.

இவ்வகை அச்சினைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, இரு பின்சில்லுகளையும் தரையிலிருந்து உயர்த்தி, ஒன்றைக் கையாற் சுழற்ற வேண்டும். மற்றது அதே திசையிற் சுழன்றால் வழுக்கற்கட்டுப்பாடு உண்டு. எதிர்த்திசையிற் சுழன்றால் சாதாரண டிபரன்சல். மாமாவின் காரில் அது எதிர்த்திசையிலே சுழன்றது. 'இதில் பொசிராக்ஷன் இல்லை, புதியதொன்றை வாங்கிப் போடுவோம்' என்று முடிவு கட்டியவன் அவருடைய மகன்; எனக்கு மச்சான். மாமாவோ கம்பித் தூரிகையால் வல அச்சுக்குழாயின் துருவைத் தேய்த்து, தொழிற்சாலை பொறித்த எழுத்துகளை வெளிக்கொணர்ந்து, ஒரு பழைய அட்டவணையோடு ஒப்பிட்டார். பொசிராக்ஷனோடு பிறந்த அச்சு என்பது அதனால் வெளிப்பட்டது. மூடியைத் திறந்தபொழுது கூட்டின் சாளரத்தினூடே நான்கு சுருள்விற்களும் தெரிந்தன. இருந்தும் வேலை செய்யாதிருந்தது, அவ்வளவே. உராய்வுத் தட்டுகள் தேய்ந்து தேய்ந்து, சாதாரண டிபரன்சலைப் போலவே அது நடந்துகொண்டிருந்தது.

இவ்விடத்திலே தந்தைக்கும் மகனுக்குமிடையே ஒரு வழக்குப் பிறந்தது. அவ்வழக்கின் நடுவே நான் இருத்தப்பட்டேன். மச்சான் சொன்னவற்றில் நியாயம் இருந்தது. "அப்பா, புதுசை வாங்கி ஒரு கராஜிலை குடுத்தா ரெண்டு நாளிலை முடிஞ்சிடும். உங்களுக்குத் தோள் நோகுது, இரும்பு பாரம்" என்றான். மாமா அறுபத்தைந்தை அண்மித்தவர். நுண்ணிய பாகங்களைப் பிடிக்கையிலே அவர் விரல்கள் நடுங்குவதை நானும் திரையிற் கண்டிருந்தேன். "இவன் சொல்லுறதும் பிழையில்லைத் தம்பி. ஆனால் கழட்டிப் பாக்காமல் எறியேலாது" என்றார் மாமா. எனவே எதனைத் தெரிவது என்பது குறித்து ஒரு மாலை முழுதும் பேச்சு நடந்தது. அதன் சாரத்தை என் குறிப்பேட்டிலிருந்து தருகின்றேன்.

வழிகள் ஐந்து. முதலாவது, இரு அச்சுகளையும் ஒரே கட்டையாகப் பூட்டிவிடுதல். நேர்வீதிப் பந்தயத்துக்கு இது போதும். சந்தி திரும்பும் வீதிக்காருக்கு உதவாது. இரண்டாவது, 'டெற்றொயிற் லொக்கர்' போன்ற பூட்டு வகை. விசை பாயும்பொழுது இரண்டையும் முழுதாகப் பூட்டி, திரும்பும்பொழுது வெளிச்சில்லை விடுவிக்கும். உறுதி மிக்கது, ஆயினும் பூட்டும் போதும் விடும் போதும் 'டக்' என்ற ஒலியும் அதிர்ச்சியும் தரும். மூன்றாவது, கூம்பு வகை. இரு கூம்புகள் கூட்டின் உட்சுவரோடு அழுந்தி உராயும். புதிதாக இருக்கையில் நன்கு பற்றும். ஆனால் தேய்வது கூட்டின் சுவரே ஆதலின், தட்டுகளை மாற்றுவது போல அதனைப் புதுப்பிக்க இயலாது. நான்காவது, பற்சில்லு வகை. வேர்ணன் கிளீஸ்மன் என்பார் 1958 இல் காப்புரிமை பெற்ற 'ரோசென்' இதன் முன்னோடி. தேயும் தட்டு இல்லை, ஓசையில்லை, தனி எண்ணெய்ச் சேர்க்கையும் வேண்டா. பிடியுள்ள சில்லுக்கு, பிடியற்ற சில்லு ஏற்கும் விசையின் சில மடங்கைத் தரும். ஆனால் ஒரு சில்லு முற்றாக அந்தரத்தில் நின்றால், பூச்சியத்தை எத்தனையாற் பெருக்கினும் பூச்சியமே. ஐந்தாவது, காரோடு பிறந்த தட்டு வகை. விற்களின் அழுத்தத்தால் தட்டுகள் எப்பொழுதும் ஓரளவு பற்றியிருக்கும். எஞ்சினின் விசை ஏற ஏற, சரிவான பற்கள் பக்கப் பற்சில்லுகளை வெளிநோக்கித் தள்ளிப் பிடியை மேலும் இறுக்கும். தேயும், ஆனால் தேய்ந்ததை மாற்றலாம்.

மச்சான் நான்காவதை வேண்டினான், மாமா ஐந்தாவதை. மச்சானின் வாதமே அறிவியலுக்கு அணுக்கமானது என எனக்குப் பட்டது. அதனைச் சொல்லவும் செய்தேன். மாமா கோபிக்கவில்லை. கூட்டின் சாளர ஓரங்களில் வெடிப்பு இருந்தாலோ, பற்சில்லுகளின் பற்கள் சிதைந்திருந்தாலோ மகன் சொல்வதே நடக்கும். கூடும் பற்களும் நலமாயிருந்தாற் புதுப்பிப்போம் என்று தீர்ப்பு வைத்தார். திறந்து பார்த்த பின்னரே முடிவு என்னும் அந்நெறியை நாம் இலக்கியத் திறனாய்விலே எத்துணை தூரம் கைக்கொள்கின்றோம் என்று அன்றிரவு நான் எண்ணியதுண்டு.

கழற்றும் வேலை ஒரு சனிக்கிழமை தொடங்கியது. பழைய எண்ணெய் கரிய குழம்பாக வடிந்தது. குறுக்குத் தண்டைப் பிடித்திருக்கும் சிறு ஆணியை நீக்கி, தண்டை உருவி, நடுவிலிருந்த விற்கட்டினை மரத்துண்டு வைத்து மெல்லத் தட்டி வெளியே எடுத்தார். விற்கள் அழுத்தத்தில் இருப்பதால் அது துள்ளி முகத்தில் அடிக்கக்கூடும். கண்ணாடி அணியாமல் அதனைத் தொடக்கூடாது என்பதை 'அடிக்கோடிட்டு எழுது' என்றார். பின்னர் அச்சுகளை உள்நோக்கித் தள்ளி, அவற்றின் முனையிற் கிடந்த பிறைவடிவக் கவ்விகளை எடுத்து, அச்சுகளை வெளியே இழுத்தார். பெயாரிங் மூடிகளை அகற்றுமுன் இடம், வலம் எனப் புள்ளிக்குறி இட்டார். ஒன்றினிடத்தில் மற்றொன்றைப் பூட்டுதல் ஆகாது. அவை தத்தம் இருக்கையோடு சேர்த்துக் கடையப்பட்டவை. இருபுறமும் இருந்த தகட்டு வளையங்களையும் அவ்வாறே வேறு வேறாகக் கட்டிவைத்தார். பிறகு கூடு வெளியே வந்தது. அதனைத் தூக்கியவன் மச்சான். அதுவரை கதவருகில் நின்று பார்த்திருந்தவன், தந்தையின் தோள் இறங்குவதைக் கண்டு உள்ளே வந்தான். மூன்று வாரமும் அவன் வெளியே போகவில்லை.

கூடு வெடிப்பின்றி இருந்தது. பற்களும் நலம். தட்டுகளோ கண்ணாடி போல வழுவழுத்து, ஓரங்கள் கருகியிருந்தன. யாரோ ஒரு முன்னைய உரிமையாளர் தக்க சேர்க்கையில்லாத எண்ணெயை ஊற்றி நெடுங்காலம் ஓட்டியிருக்க வேண்டும் என்பது மாமாவின் ஊகம். இவ்வெண்ணெயின் வரலாறு தனியே குறிப்பிடத்தக்கது. தட்டுகள் விட்டுவிட்டுப் பற்றி அதிராமல், வழுவழுவென்று நழுவிப் பற்றுவதற்கு எண்ணெயிலே ஒரு சேர்க்கை தேவை. அக்காலத்தில் அதற்கு உதவியது எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து பெறப்பட்ட நெய்யாகும். நமது திருகோணமலைக் கடலிலும் காணப்படும் அப்பெருவிலங்கினைக் கொன்று எடுத்த நெய், அமெரிக்க வீதிகளிலே கார்களின் அச்சினுள் ஓடிற்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதனைத் தடைசெய்தபின், வேதியியலார் செயற்கைச் சேர்க்கைகளை ஆக்கினர். இன்று சிறு போத்தலில் விற்கப்படுவது அதுவே. ஒரு கார் திரும்பும்போது அதிராதிருக்க ஒரு திமிங்கிலம் மடிந்தது என்பதைப் பொறியியல் மாணவர் எவ்வாறு கற்பரோ அறியேன். அந்த வரியை எழுதிய பின் நான் சற்று நேரம் எழுதவில்லை.

எழுதுவதிலே எனக்கிருந்த இடர் வேறு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார் என்பதை நாம் பெருமையோடு பேசுகின்றோம். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ் இடங்கொடுத்தபொழுது இரும்புக்கும் எண்ணெய்க்கும் கொடாதா? சில்லு, அச்சு, பல், வில், தட்டு, தகடு, கூடு, கவ்வி யாவும் நம்மிடமே இருந்தன; பட்டறையில் மாமா பழகிய சொற்களே அவை. டிபரன்சலுக்கு மட்டும் 'வேகவேறுபாட்டுப் பல்லிணைப்பு' என்றொரு தொடரை நான் முன்மொழிந்தேன். மாமா சிரித்தார். "உதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை கார் ஒஷாவாவுக்குப் போயிடும்" என்றார். செவெல் கார்கள் முன்னர் செய்யப்பட்ட தொழிற்சாலைகளுள் ஒன்று இருக்கும் நகரம் அது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு மணிநேரப் பயணம். ஆகவே டிபரன்சல் டிபரன்சலாகவே நின்றது. பட்டறையும் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் இருந்தாலன்றிக் கலைச்சொல் பிறவாது என்பதே நான் கண்ட முடிபு. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இவ்வகைக்கு மாமா தாமே ஒரு விளக்கம் தந்தார்: "விட்டுக்குடுக்கும், ஆனால் விட்டிட்டுப் போகாது." வரைவிலக்கணமாக இதனினும் செறிவானதொன்றை நான் எந்நூலிலும் காணவில்லை. திரும்பும்பொழுது வேறுபாட்டுக்கு விட்டுக்கொடுக்கின்றது, வழுக்கும்பொழுது கைவிடுவதில்லை.

புதிய தட்டுகள் வந்தன. ஒரு தட்டுப் பற்சில்லோடு சுழல்வது, மறுதட்டுக் காதுகளாற் கூட்டோடு பற்றியிருப்பது என மாறி மாறி அடுக்கும் முறை. அடுக்குமுன் தட்டுகளை அச்சேர்க்கை கலந்த எண்ணெயில் ஊறவைக்க வேண்டும்; உலர்ந்த தட்டு முதற் சுற்றிலேயே எரிந்துவிடும். விற்களிலும் தெரிவு இருந்தது. 400 இறாத்தல், 800 இறாத்தல் எனப் பல வலுவில் அவை விற்பனையாகின்றன. கடுமையானது பந்தயத்தில் இறுகப் பற்றும். வீதியிலோ ஒவ்வொரு வளைவிலும் முரண்டுபிடிக்கும். மழைநாளில் இரு சில்லுகளும் ஒருங்கே வழுக்கிப் பின்புறம் பக்கவாட்டாக வீசவும் கூடும். மாமா 400 ஐத் தெரிந்தார். 'கூடப் பிடிக்கிறதும் பிடிப்பில்லைத் தம்பி' என்றார்.

கூட்டைத் திரும்ப ஏற்றியபின் வந்ததே இவ்வேலையின் நுண்ணிய கட்டம். கிறவுண் வீலின் பற்களுக்கும் பினியனின் பற்களுக்குமிடையே விடப்படும் தளர்வு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து முதல் எட்டுப் பங்குக்குள் அமைய வேண்டும். குறைந்தாற் பற்கள் சூடேறி உரியும். கூடினால் ஒலியெழுப்பி உடையும். மஞ்சட் பசையைப் பற்களிலே பூசி, சுழற்றி, பதிந்த தடம் பல்லின் நடுவில் விழுகின்றதா எனவும் பார்க்க வேண்டும். முள்மானியை நிறுத்தி வைத்தவர் மாமா. அதன் முள் காட்டும் எண்ணை அவராற் படிக்க இயலவில்லை. இருமுறை கண்ணாடியைத் துடைத்தார். பின்னர் ஒன்றும் சொல்லாமல் விலகி நின்றார். மச்சான் குனிந்து "ஏழு" என்றான். வேறொரு பல்லில் வைத்து மறுபடியும் "ஏழு" என்றான். நான்கு இடங்களில் அளந்து நான்கையும் தமிழிலேயே சொன்னான். தமிழ் எழுத்துகளை எழுத்துக்கூட்டியே படிக்கும் அவன், குறிப்பேட்டில் அடுத்த படி என்ன என்று என்னிடம் கேட்டு, நான் வாசிக்க வாசிக்கச் செய்தான். மாமா கட்டளையிடுவதை நிறுத்தியிருந்ததை அப்பொழுதுதான் கவனித்தேன்.

எண்ணெய் நிரப்பும் வேளையில் ஓர் எச்சரிக்கையை இருவருக்கும் சேர்த்தே சொன்னார். இனிமேல் ஒரு பின்சில்லை மட்டும் உயர்த்திவைத்து எஞ்சினைப் பூட்டி ஓட்டலாகாது. சாதாரண டிபரன்சலிலே உயர்ந்த சில்லு வெறுமனே சுழலும். இதிலோ தரையில் நிற்கும் சில்லும் விசை பெற்று, காரை முட்டிலிருந்து பாய்ந்து இறங்கச் செய்யும். பின்னர் வெறுமையான வாகனத் தரிப்பிடமொன்றிலே எட்டு என்னும் எண்ணின் வடிவில் மெதுவாகப் பலமுறை ஓட்டினர். புதுத் தட்டுகள் ஒன்றோடொன்று பழகுவதற்கு இது தேவை. முதற் சுற்றுகளிலே பின்புறத்திலிருந்து நடுங்குவது போன்ற ஓசை எழுந்தது. சேர்க்கையெண்ணெய் இன்னும் சிறிது ஊற்ற அடங்கிற்று. மாலையில் ஆளற்ற தொழிற்பேட்டை வீதியொன்றிலே மச்சான் விசையை ஒரு கணம் மிதித்தான். நிறுத்தி இறங்கிக் கைப்பேசியைத் தரைக்குப் பிடித்தான். கரிய தடங்கள் இரண்டு, அகலத்திலும் நிறத்திலும் ஒத்து, இணையாகக் கிடந்தன.

இத்தகைய வேலையொன்றை எழுதி முடித்தவனுக்கு அதனின்றும் விலகிச் சிந்தித்தல் இயல்பு. சமமாகப் பங்கிடுதலே நீதி என நாம் இளமைமுதற் கற்றோம். அது பொய்யன்று, நேரிய, உலர்ந்த வீதியிலே சாதாரண டிபரன்சலைப் போல அமைதியாக உழைப்பது வேறில்லை. ஆயினும் ஒரு பக்கத்தின் தரை நழுவிய காலத்தில், சமபங்கு மட்டும் எவரையும் நகர்த்துவதில்லை. 1987 இற்குப் பின்னர் மூன்று சகோதரிகளின் குடும்பங்களுக்கு அவ்வப்போது நழுவாத தரையாக நின்றவர் மாமா. அக்குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எவருக்கு எவ்வளவு என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை. எவருடைய சில்லு அந்த மாதத்திற் சுழன்றதோ அவருக்கு அனுப்பினார். அதனை அநீதி என்று சகோதரிகள் தம்முள் முணுமுணுத்த காலமும் உண்டு. இரு பக்கத்தையும் இறுகப் பூட்டிவிடும் ஒற்றுமையும் இதற்கு மாற்றாகாது. வேறுபாட்டையே மறுக்கும் அவ்வொற்றுமை முதல் வளைவிலேயே ரயரைக் கிழித்துவிடும். குடும்பத்துக்கும் இது பொருந்தும், நாட்டுக்கும் பொருந்தும்.

எனினும் தட்டுகளை நான் மறக்கவில்லை. இரு பக்கங்களின் வேறுபாட்டையும் தன் மேனியில் ஏற்று நழுவிப் பற்றுவது எதுவோ, அதுவே அவ்வியந்திரத்திற் தேய்வது. பற்கள் ஐம்பது ஆண்டு கடந்தும் நலமாயிருந்தன, கூடும் அவ்வாறே. தேய்ந்தவை தட்டுகள் மட்டுமே. முள்மானியின் முன் விலகி நின்ற அந்த மனிதரை நினைக்கும்பொழுது எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மச்சான் வேண்டிய பற்சில்லு வகையிலே தேய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே திறந்து பார்ப்பதற்கும், ஒருவர் இன்னொருவருக்குக் கையளிப்பதற்கும் அதில் ஏதுமில்லை. ஐந்தாவது வழியை மாமா விரும்பியதன் காரணம் இதுதானா என்று நான் அவரைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

குறிப்பேடு நாற்பத்தொரு பக்கங்களில் முடிந்தது. அதன் படியை மச்சானுக்கு அனுப்பியுள்ளேன். கடைசிப் பக்கத்தில் தட்டுகளின் தடிப்பு, விற்களின் வலு, அளந்த தளர்வு, எண்ணெயின் வகை, வேலை முடிந்த நாள் ஆகியவற்றை வரிசையாக எழுதி, கீழே பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கின்றேன். தட்டுகள் மறுபடியும் தேயும். அப்பொழுது மூடியைத் திறப்பவன் தான் கண்டதை எழுதிவைக்க இடம் வேண்டும் என்று மாமா சொன்னார்.